தம்பி எடுத்த ஏழு பேர்

"இனிமே நான் பள்ளிக்கூடம் போகல. ஆடு மேய்க்கப் போறேன்."

உத்திராபதி புத்தகப் பையை மூலையில் போட்டான். ஆறாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவனுக்கு முட்டை.

அப்பா கலியபெருமாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லித் தெருவே வேலையை நிறுத்தியிருந்தது. விளைந்த நெல் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. நன்னிலம் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து, மிராசுதார்களோடு பேசிப் பேசி, அவர் குரலே தேய்ந்துபோயிருந்தது.

"போகாட்டி போ" என்றார்.

அக்கா காத்தாயிக்குத் திக்கென்றது. அப்பா அலுப்பில் சொல்கிறார். தம்பி அதையே பிடித்துக்கொள்வானே!

விறகு பொறுக்கிவிட்டு வந்த அவள் காலும் கெஞ்சியது. ஆனாலும் யோசித்தாள். தம்பிக்குக் கணக்குதான் வராது. கபடிக்காரர்களைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வான்.

"டேய், திடல்ல கபடிப் போட்டி நடக்குதுல்ல? நாம ஆளுக்கொரு டீம் வெப்போமா?"

"நம்மள யாருக்கா சேத்துப்பாங்க?"

"நாம ஆட வேணாம். எந்தத் தெரு ஆளா இருந்தாலும் சரி, ஏழு பேர எடுத்துக்க. அவங்க திடல்ல ஒருத்தரத் தொட்டா உனக்கு ஒரு பாயிண்ட். பிடிச்சா ரெண்டு. அவுட்டானா ஒண்ணு கழியும்."

உத்திராபதி தங்கள் தெரு ஆட்களாகவே எடுத்தான். முதல் பெயர் காயாரோகணம்.

அன்றைய ஆட்டத்தில் காயாரோகணம் இரண்டு பேரைத் தொட்டான். மூன்று முறை அவுட்டானான்.

"ரெண்டுல மூணு எப்படிக்கா போகும்?"

பரீட்சையில் அவனைக் கவிழ்த்ததும் இதே சங்கதிதான். காத்தாயி அவனைக் குளத்துக்கு இழுத்துப்போனாள்.

"தண்ணிய ஒட்டி நிக்கிற படி சைபர். ரெண்டு படி ஏறு. இப்ப மூணு படி இறங்கு."

இறங்கினான். தண்ணீர் கணுக்காலை நனைத்தது.

"எங்கடா நிக்கிற?"

"தண்ணிக்குள்ள, ஒரு படி கீழ..." அவன் கண் விரிந்தது. "அப்ப காயாரோகணம் அண்ணன் சைபருக்குக் கீழ ஒண்ணா? அய்யய்யோ, முங்கிட்டாரே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவனே கணக்குப் போட்டான். ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான்.

"நாகேஸ்வரன்தான் நெறைய பேரத் தொடுறாரு. ஆனா அவரு மிராசுதார் தெரு ஆச்சே?"

"உன் டீமுடா. நீதான் முடிவு பண்ணணும்."

நெடுநேரம் யோசித்துவிட்டு, சுவரில் கரியால் எழுதியிருந்த ஏழு பெயர்களில் ஒன்றை அழித்து அந்தப் பெயரை எழுதினான்.

சாயங்காலம் அப்பா திரும்பினார். பேச்சு அன்றும் முடியவில்லை. சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"காயாரோகணமும் நாகேஸ்வரனும் ஒரே டீமா?"

"என் டீம்ல அப்படித்தான்ப்பா. நாகேஸ்வரன் தொட்டுட்டு வருவாரு, நம்ம அண்ணன் பிடிப்பாரு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார். "எனக்கும் ஏழு பேர எடுடா. கணக்க நீயே பாத்துக்க."

"இப்ப முடியாதுப்பா. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாக்குறேன்."

காத்தாயி எல்லோருக்கும் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, 'அப்பாடா' என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.