எட்டு நாற்பதின் சாளரம்

சங்கு அலறியது. ஊர்ப்பதிவு மையத்தில் எல்லாரும் மாதங்கியின் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திருச்சியில் யார் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளும் இயந்திரம் ஊர்ப்பதிவு. அத்தனை லட்சம் பேரில் ஒருவரைப் பிடிக்க அதற்கு ஓர் அடைவு உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடிப் பக்க எண்ணைக் கண்டுபிடிப்பது போல. இமைக்கும் நேரத்தில் விடை வரும். இன்று நாற்பது விநாடி. அரிய வகை ரத்தம் கேட்டு ஒரு பிரசவ அறை காத்திருந்தது. விடை வந்தபோது அந்த ரத்தக்காரர் ரயிலேறிப் போயிருந்தார். அடுத்தவரைத் தேடிக்கொண்டிருந்தது இயந்திரம்.

“அடைவா இது, ரேஷன் கடை வரிசையாம்மா?” என்றார் ஸ்டீபன். மையத்தின் மூத்த பழுதுபார்ப்பாளர். அடைவை இரண்டு முறை புதிதாகக் கட்டிப் பார்த்துவிட்டார். பயனில்லை.

மாதங்கி ஒரு தேடலைப் பின்தொடர்ந்தாள். அடைவு சரியான இடத்துக்குத்தான் போனது. ஆனால் ஆளுக்கு ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கான பழைய வரிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் புரட்டி, செல்லாது என்று தள்ளி, கடைசியில்தான் புதியதைத் தொட்டது தேடல்.

பழையதைக் கூட்டித் தள்ளத் துப்புரவி என்ற நிரல் இருக்கிறது. அதற்கொரு விதி. வீட்டு மனிதர்களைப் பார்க்க மக்கள் திரையில் திறக்கும் சாளரம், திறந்த நொடியின் ஊரையே மூடும்வரை காட்டும். ஒரு சாளரம் திறந்திருந்தாலும், அந்த நொடிக்குப் பிறகு பழசானவற்றைத் துப்புரவி தொடாது. அதனாலேயே பத்து நிமிடத்தில் சாளரங்கள் தாமாக மூடிக்கொள்ளும், ஊழியர்கள், அவர்கள் வீட்டாருடையவை தவிர. வேலைக்கு நடுவே மகளைப் பார்க்கையில் பாதியில் மூடிக்கொள்கிறது என்று சண்டை போட்டு அந்த விலக்கை வாங்கியவள் மாதங்கிதான்.

திறந்திருக்கும் சாளரங்களின் பட்டியலை எடுத்தாள். மிகப் பழையதான முதல் வரியை மட்டும் படித்தாள். பதினோரு மாதங்களுக்கு முன், காலை எட்டு நாற்பது. அவள் வீடு.

அன்று எட்டு ஐம்பதுக்குத்தான் மகளின் பள்ளி வண்டி பாலத்திலிருந்து கவிழ்ந்தது.

தொலைபேசியில் கணவன் இளம்பரிதியிடம் பிரசவ அறையையும், தேடலை அடைத்து நிற்கும் அந்தச் சாளரத்தையும் பற்றிச் சொன்னாள்.

“இதுல நறுமுகை வண்டியில உக்காந்திருக்கா. கீழ ‘நலம்’னு போட்டிருக்கு,” என்றான் அவன். “மூடிட்டுத் திறந்தா வேற சொல்லும்.”

“தெரியும்ங்க.”

“அன்னிக்கு நான்தான் தலை பின்னி விட்டேன். ஒரு பக்கம் ரிப்பன் அவுந்து தொங்குது பாரு.”

அந்தச் சாளரத்தை இங்கிருந்தே மூடிவிட மாதங்கிக்கு அதிகாரம் உண்டு. விரல் வரவில்லை. நீங்களே மூடுங்கள், அங்கேயும் ஒரு பிள்ளை தாய்க்காகக் காத்திருக்கிறது என்றாள்.

மறுமுனையில் மெல்லிய சொடுக்கு ஒன்று கேட்டது.

சங்கு நிற்கவில்லை. துப்புரவி அசையவில்லை. ஸ்டீபன் குனிந்து பட்டியலின் இரண்டாம் வரியைப் படித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதங்கியின் கை, உள்ளே சிறு திரை ஒளிர்ந்த மேசை இழுப்பறையை இறுகப் பற்றியிருந்தது.

“மூடிட்டேன்,” என்றான் இளம்பரிதி. “இன்னும் சங்கு கேக்குதே. மாதங்கி, நீயும் ஒண்ணு திறந்து வெச்சிருக்கியா?”