பாதி குடித்த தண்ணீர்

"நாளைக்குக் காலைல எங்க அண்ணனோட இடது சிறுநீரகத்தை எடுக்கப் போறாங்க சார். ஆனா இது அவரோட ஸ்கேன் படமே இல்லைன்னு எனக்குத் தோணுது."

வந்தவள் பெரிய உறையை மேசைமேல் போட்டாள். பக்கத்தில் அண்ணன் வலது கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மடங்கியிருந்த அவர் காலரை அவள்தான் சரிசெய்தாள்.

"ஏன் அப்படித் தோணுது?" என்றார் துப்பறிவாளர்.

"ஸ்கேன் எடுத்தவர் கவரைக் குடுத்துட்டு, திரும்ப வாங்கிப் பிரிச்சுப் பார்த்தார். அப்புறம் என் முகத்தையே பார்க்கலை."

"அங்கே என்னல்லாம் நடந்தது?"

"ஒரு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னாங்க," என்றார் அண்ணன். "பக்கத்துல இருந்தவர் மடமடன்னு முடிச்சுட்டார். எனக்குப் பாதிக்கு மேல இறங்கலை."

துப்பறிவாளரின் மைத்துனன் அவர் காதருகே குனிந்தான். "எனக்கு டாக்டர் மேலதான் சந்தேகம், அத்தான்."

"போன வாரம் நம்ம வீட்டுப் பூட்டு மேலயே சந்தேகப்பட்டவன்தானே நீ? இங்கே வா."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "கேரட்டை வட்ட வட்டமா நறுக்கின மாதிரி, வயித்தோட குறுக்குத் துண்டுகள் இது. நடுவுல வெள்ளையா முதுகெலும்பு. அதுக்கு ரெண்டு பக்கமும் சிறுநீரகம். ஒண்ணுல கட்டி. வயித்துக்கு வெளியே என்ன தெரியுது?"

"ஒண்ணுமே இல்லையே!"

"அதேதான்." துப்பறிவாளர் செருப்பை மாட்டினார்.

ஸ்கேன் மையத்தில் அண்ணனை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். படங்களைப் படித்து அறிக்கை எழுதும் பெண் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். கருவியை இயக்குபவர் உறையைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த நோயாளியை எப்படிப் படுக்க வெச்சீங்க?" என்றார் துப்பறிவாளர்.

"எல்லாரையும் மாதிரிதான் சார். மல்லாக்கப் படுக்க வெச்சு, நானே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வெச்சேன். கை பக்கத்துல கிடந்தா எலும்பு குறுக்கே வந்து படத்துல கோடு விழும்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சத்தியமா."

துப்பறிவாளர் அண்ணனை உள்ளே அழைத்தார். "கொஞ்சம் வலது கையைத் தூக்குங்க."

கை மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்தார். "தோள் இறுகி ஆறு மாசமாச்சு. இதுக்கு மேல போகாது. அன்னைக்கும் பக்கத்துலயேதான் வெச்சிருந்தேன்."

"அப்படின்னா ஒவ்வொரு துண்டுலயும் வயித்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வட்டம், அதுக்குள்ள வெள்ளையா எலும்பு இருக்கணும். இந்தப் படத்துல இல்லை. டாக்டர், இவருக்கு அடுத்து எடுத்ததைத் திறங்க."

மருத்துவர் கணினியில் திறந்தார். அடுத்தவர் பெயரில் இருந்த படத்தில் வயிற்றின் ஓரமாக ஒரு கை கிடந்தது. சிறுநீரகங்கள் இரண்டும் சுத்தம்.

"பேரைப் பார்த்து எழுதினேன்," என்றார் மருத்துவர் மெதுவாக. "கையைப் பார்க்கலை."

இயக்குபவர் நாற்காலியில் சரிந்தார். "இவர் தண்ணி குடிச்சு முடிக்கலை. அதனால அடுத்தவரை முதல்ல படுக்க வெச்சேன். கணினியில பேர் வரிசையை மாத்த மறந்துட்டேன். கவரைக் குடுத்தப்புறம்தான் உறைச்சுது. இருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். வேலை போயிடும் சார்."

தங்கை அண்ணனின் தோளில் முகம் புதைத்து அழுதாள். "உனக்கு ஒண்ணும் இல்லைண்ணா!"

"அப்போ கேஸ் முடிஞ்சுது!" என்றான் மைத்துனன்.

"இல்லை. கட்டி யாருக்கோ இருக்கே." துப்பறிவாளர் மேசைத் தொலைபேசியை இயக்குபவர் பக்கம் நகர்த்தினார். "அவரைக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"யாரு, ஸ்கேன் சென்டரா? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்களே! வீட்டுல எல்லாரும் கிளம்பிட்டோம் சார், பத்து நாள் ஊர் சுத்தப் போறோம். என்ன, குடையை மறந்துட்டேனா?"

பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. இயக்குபவர் தொலைபேசியை விட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, பெட்டியை இறக்கிட்டு இங்கே வாங்க," என்றாள். "நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."