பதினோரு முறை இடப்பக்கம்

"இது டவுன் பஸ் இல்லீங்க."

சங்ககிரியில் மழை பிடித்த நேரம். லாரிப் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றாள் பிரபா.

"உங்க ஓனர் வெங்கடாசலம் ஐயாதான் ஏறச் சொன்னாருங்க. நாமக்கல் வரைக்கும். இந்தக் கேமராவைப் பத்தித்தான் என் ஆராய்ச்சி."

ஸ்டியரிங்குக்கு மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு கேமரா. டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். இமை தாழ்ந்தால் கத்தும். பார்வை ரோட்டை விட்டு விலகினால் கத்தும். ஓனருக்கும் பதிவு போய்விடும். ஒரு மனுஷனின் உடம்பைப் பற்றி ஒரு கருவி சொல்வதை மட்டும் நம்பி, அவன் பிழைப்பில் கை வைக்கலாமா? சேலத்தில் சட்டம் முடித்த பிரபா இரண்டு வருடமாக இந்தக் கேள்வியோடுதான் அலைகிறாள்.

"ஏறுங்க. சத்தமாப் பேசோணும். என்ஜின் கத்தும்," என்றான் டிரைவர் ராசு.

பேச்சுக் கொடுத்தாள். அவன் பி.ஏ. படித்தவன். மனைவி தவறி மூன்று வருடம். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.

"கேமரா ரொம்பத் தொந்தரவுங்களா?"

"மூணு வருசத்துல ஒருக்காக்கூடக் கத்துனதில்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை... 'பீப். சாலையைப் பாருங்கள்.'

அவன் காது சிவந்தது. அவள் ஈரக் கூந்தலை ஒதுக்கியபோது மறுபடி. திருச்செங்கோட்டில் மறுபடி... நாமக்கல்லில் அவள் இறங்கும்போது பதினொன்று.

பிரபாவுக்கு உள்ளுக்குள் குதூகலம். இத்தனை நிதானமாக ஓட்டுகிறவனையே தப்பு சொல்கிறதே... கருவிதான் கோளாறு. இதைவிட நல்ல சான்று கிடைக்குமா? ஓனரிடம் பதிவை வாங்கி எழுத உட்கார்ந்தாள். எழுத்து வரவில்லை. மழை கழுவிய கண்ணாடி மாதிரி இரண்டு கண்கள்தான் வந்தன.

நாலாம் நாள் ஓனர் ஆபீசுக்குப் போன் போட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பதினோரு பீப்பைக் காட்டி ராசுவின் லாரிச் சாவியை வாங்கிவிட்டார்களாம். கண் சரியில்லையாம்... உடல் தகுதி இல்லையாம்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

"ஐயா, அவரு பேச்சைக் கேக்காமயே சாவியை வாங்கறது நியாயமில்லீங்க. கருவிதான் கோளாறு. பக்கத்துல இருந்து நானே பார்த்தேன்."

வெங்கடாசலம், கதவோரம் நின்றிருந்த ராசு பக்கம் திரும்பினார். "ஏப்பா ராசு, மிஷின் கோளாறுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. சாவியை எடுத்துக்க."

சாவி மேசை மேல்தான் இருந்தது. சொல்லுங்களேன் என்று பிரபா கண்ணால் கெஞ்சினாள்.

"மிஷின் மேல தப்பில்லீங்க."

"பின்னே?"

"பதினோரு தடவையும் நாந்தான் இடப்பக்கம் பார்த்தேனுங்க. அங்க இவங்க உக்காந்திருந்தாங்க..." குரல் இறங்கியது. "மூணு வருசமா ரோட்டை மட்டுந்தான் பார்த்துட்டிருந்தேன். அன்னிக்கு முடியலீங்க."

பிரபா கையிலிருந்த பதிவைப் பிரித்தாள். நேரம், வேகம், பார்வைத் திசை... இடம், இடம், இடம். பதினோரு வரி. இத்தனை நாள் நேரத்தை மட்டுமே படித்திருக்கிறாள்.

"உங்க ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேனுங்க," என்றான்.

"ஆமாங்க," என்றாள். அவளுக்கு வருத்தம் வரவில்லை.

வெங்கடாசலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை அவன் பக்கம் தள்ளினார். "ஒண்ணு மட்டும். ஓடற வண்டியில இனி இந்தம்மா ஏறக்கூடாது."

பிரபா தாளை மடித்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"நிக்கற வண்டியில உக்காரலாமுங்களா...?"