கையெழுத்துப் போடாத அண்ணி

"கையெழுத்துப் போட உன் கை என்ன சுளுக்கிக்கிச்சா?"

மாமியார் கோப்பையை வைத்த வேகத்தில் பாதி டீ மேசையில் கொட்டியது. மருமகள் முதலில் அங்கே கிடந்த ஒற்றைத் தாளை எடுத்து நனையாமல் தள்ளி வைத்தாள். பிறகு மேசையைத் துடைத்தாள்.

"பேப்பரை மட்டும் பத்திரமா பாத்துக்கோ. எம் பொண்ணு மானம் எப்படிப் போனா உனக்கென்ன..."

அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் ஒரு முறை உண்டு. விசுவாசத்தில் வளர்வதற்கான சீஷத்துவப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவரை மூத்த விசுவாசி ஒருவரோடு ஒரு வருடம் சேர்த்து விடுவார்கள். சனிக்கிழமைதோறும் காலை ஆறரைக்கு, மடக்கு நாற்காலிகள் அடுக்கிய பின்னறையில் இருவரும் உட்கார்ந்து வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். எங்கே சறுக்கினோம், யாருக்கு என்ன தீங்கு செய்தோம் என்று ஒளிக்காமல் பேச வேண்டும். அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது. வருடக் கடைசியில், 'இவர் இனி இன்னொருவரை நடத்தலாம்' என்று மூத்தவர் கையெழுத்துப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன் நிறுத்தி ஜெபிப்பார்கள்.

நாத்தனார் போன வருடம், "எனக்கு அண்ணிதான் வேணும்" என்று கேட்டு வாங்கினாள். அந்த வருடம் இன்றோடு முடிகிறது. நாளை ஞாயிறு. உறவுக்கெல்லாம் சொல்லியாயிற்று. தாளில் கையெழுத்து மட்டும் இல்லை.

"நீயாவது கேளேன்டா" என்றாள் மாமியார் மகனிடம். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன், ஷூ லேஸை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"போட்டுத் தொலையேன். ஒரு கையெழுத்துதானே?"

நாத்தனார் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் மாமியார் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சபையில் இருபது வருடம் ஆர்கன் வாசித்தவள், அதன் பிறகு பெடலை மிதிக்க முடியாமல் கடைசி வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. அன்று படி கழுவும் முறை மருமகளுடையது. சோப்புத் தண்ணீரைத் துடைக்காமல் விட்டவள் என்ற பேர் அவள்மேல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் பொங்கினாலும் குழாய் ஒழுகினாலும், "கவனமா? இவளுக்கா?" என்ற பேச்சுதான்.

மூன்று வாரத்துக்கு முன், பின்னறையில், நாத்தனார் விசும்பி விசும்பிச் சொன்னாள். "நீங்க துடைச்சுட்டுத்தான் போனீங்க அண்ணி. நான்தான் போன்ல பேசிக்கிட்டே வந்து படி ஓரமா இருந்த சோப்புத் தண்ணி பக்கெட்டை இடறிட்டேன். அப்புறம் துடைச்சுக்கலாம்னு போயிட்டேன். அதுக்குள்ள அம்மா..."

மருமகள் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். மன்னித்தும் விட்டாள். "ஆனா அத்தைகிட்ட நீயே சொல்லணும். சொல்லிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."

"அம்மா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க அண்ணி" என்றவள், மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை.

மருமகள் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். அந்தச் சனிக்கிழமை பகலில் அயர்ன் பெட்டியின் ஆவிக்கு நடுவே ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. இதே தவறை நாத்தனார் வேறு யாருக்காவது செய்திருந்தால், இப்படிப் பிடிவாதம் பிடித்திருப்பேனா? அவள் ஆத்துமாவுக்காகக் கேட்கிறேனா, என் பேர்மேல் உள்ள கறை வெளுக்க வேண்டும் என்று கேட்கிறேனா? எத்தனை சட்டை தேய்த்தும் விடை வரவில்லை.

மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு போதகரிடம் போனாள்.

"அவளுக்கு வேற யாரையாவது வைங்க ஐயா."

"ஏம்மா, அவ ஏதாவது..."

"அவமேல குறை இல்லீங்க. அவ விஷயத்துல என்னால நேர்மையா இருக்க முடியல. குறை என்னோடது. இதுக்கு மேல கேக்காதீங்க."

போதகர் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து, நாத்தனாரிடம் அதை அப்படியே சொல்லி, நாளைய ஜெபத்தைத் தள்ளி வைப்பதாகவும் சொன்னார்.

மருமகள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் தடியை ஊன்றி நடுக்கூடத்தில் நின்றிருந்தாள்.

"வாம்மா மகராசி. என்னைத்தான் முடமாக்கின. இப்ப எம் பொண்ணைச் சபையில தலை குனிய வச்சுட்ட. திருப்திதானே? இன்னும் யாரு பாக்கி இந்த வீட்ல?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்ல இரு. இங்க எல்லாருக்கும் மனசு ஆறட்டும்."

 அவள் உள்ளே போய் நாலு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் வாசலை மறித்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி போகக் கூடாது. போறதுன்னா நான்தான் போகணும்."

"நீ ஏன்டி குறுக்க விழற?" என்றாள் மாமியார்.

"அம்மா... அன்னிக்கு அந்தத் தண்ணியைக் கொட்டினது நான்."

 அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணிக்கு மூணு வாரமா தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க மேல இருந்த பழி போயிருக்கும். சொல்லல. போதகர்கிட்ட கூட குறை தன்னோடதுன்னுதான் சொல்லியிருக்காங்க. இப்பவும் வாயை மூடிக்கிட்டுப் பையைத் தூக்குறாங்க. என்னால இதுக்கு மேல முடியலம்மா..."

மாமியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பிறகு மருமகளிடம் கேட்டாள்.

"ஏம்மா... துடைச்சுட்டேன்னு அன்னிக்கே நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் அத்தை. ஆஸ்பத்திரியில, உங்க கட்டில் பக்கத்துல நின்னு சொன்னேன். 'பொய் வேற சொல்றியா'ன்னு கேட்டீங்க."

கிழவியின் உதடு கோணியது. இரண்டு கையையும் நீட்டினாள். மருமகள் மண்டியிட்டதும் அவள் தலையை மார்போடு அழுத்திக்கொண்டாள். "ஆறு வருஷம்... ஆறு வருஷம் உன்னை வாட்டி எடுத்துட்டேனேடி..." அழுகை இருவருடையதும் ஒன்றாகக் கேட்டது. அருகே வரப் பயந்து நின்ற நாத்தனாரை மருமகள்தான் கையை நீட்டி இழுத்தாள். மாமியார் மகளைத் தள்ளவுமில்லை, அணைக்கவுமில்லை. அதற்கு நாளாகும் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

மருமகள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பையை எடுத்தாள்.

"இப்ப எதுக்கு? அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே" என்றான் கணவன் பதறி.

"நாலு நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வரேன். கோவமில்ல. அத்தை நம்பலைன்னா, வலியில கிடந்தாங்க. நீங்க நம்புறதும் நம்பாததும் அப்புறம்... என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலையே."

அவன் அம்மாவைப் பார்த்தான். "என்னைப் பாத்துக்கிட்டு நிக்காத. அவகூட நட" என்றாள் மாமியார்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். பையை அவன் கேட்டான். அவள் தரவில்லை. தூரத்தில் பேருந்து திரும்பியபோது அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

பேருந்து வந்து நின்றது. நடத்துனர் அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி அனுப்பிவிட்டு, பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"காலையில ஏழு மணி இருக்கும்" என்று ஆரம்பித்தாள்.