முதலில் புஸ்... அப்புறம் படீர்!

'புஸ்...'

அப்புறம், 'படீர்!'

அப்புறம் ஓர் அலறல்... பாதியிலேயே அறுந்துபோனது!

ஒஹாயோவில் மான் வேட்டை சீசனின் முதல் நாள் காலை. பீச் மரத்தடியில் வெர்ன் ஸ்ட்ரோபல் மல்லாந்து கிடந்தான். ஆரஞ்சு நிறச் சட்டையில் சிவப்பு வேகமாகப் பரவியது. டிராக்டரிலிருந்து விழுந்து தோள் எலும்பு உடைந்த பிறகு, அதிகம் உதைக்காத சின்னக் குழல் ஃபோர்-டென் துப்பாக்கிக்கு மாறியிருந்தான். அதன் குழல் உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்திருந்தது. பிளந்த இரும்பு கழுத்தில் இறங்கியிருந்தது.

அவன் குறி வைத்த மான் தப்பித்து ஓடிவிட்டது. கொடுத்து வைத்த மான்!

ஷெரிஃப் நோரீன் கட்லர் வந்து இறங்கியபோது, பிணத்தின் பக்கத்தில் வெர்னின் அண்ணன் ஹார்லன் மண்டியிட்டிருந்தார். பக்கத்துப் பண்ணைக்கார டெல்மர் அவர் தோளைப் பிடித்திருந்தான்.

"நான்தாம்மா கொன்னேன்... என் தம்பியை நான்தான் கொன்னேன்!"

நோரீனின் புருவம் உயர்ந்தது. "எப்படி?"

"எங்க மூணு பேருக்கும் தோட்டா கட்டுறது நான்தான். வெடிமருந்து கொட்டி, அடைப்பு வெச்சு, மேல ஈயக் குண்டை வெச்சு வாயை மடக்கிடுவேன். ஒண்ணுல மருந்து போட மறந்துட்டேன் போல... அடியில மருந்தைப் பத்தவைக்கிற தொப்பி மட்டும் வெடிச்சு, குண்டு குழல்ல பாதியில சிக்கிடுச்சு. எதிர்ல மான் நிக்குது... குழலுக்குள்ள பாக்கத் தோணுமா? அடுத்ததைப் போட்டுச் சுட்டுட்டான்!"

"விடுங்கண்ணே" என்றான் டெல்மர். "வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும். மேடம், கேஸ் கீஸுன்னு போட்டுடாதீங்க. ஜெயிலுக்குப் போனா மனுஷன் செத்துடுவாரு."

நோரீன் தரையில் கிடந்த இரண்டு வெற்றுத் தோட்டாக்களையும் எடுத்தாள். உள்ளே பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. வெர்னின் பையில் மீதி இருந்ததையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு தோட்டா.

"பெரியவரே, உங்களுதும் ஃபோர்-டென்தானே? இது ரெண்டும் உங்க தம்பி பையில இருந்தது. அந்தக் கட்டையைப் பாத்துச் சுடுங்க. ஒண்ணு பின்னால ஒண்ணு."

"இதுலயும் மறந்திருந்தா...?"

"பாத்துடலாமே!"

ஹார்லன் முதல் தோட்டாவைப் போட்டார். விசையை அழுத்தினார்.

'புஸ்...'

கிழவரின் முகம் வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. துப்பாக்கியைத் திறந்தார். குழலுக்குள் பார்க்கவில்லை... அடுத்த தோட்டாவைப் போட்டு மூடினார்! தம்பியைக் கொன்ற கையோடு இனி ஒரு நாள்கூட வாழ அவருக்கு விருப்பமில்லை.

"வெர்ன்... இதோ வந்துட்டேன்டா!"

'டமால்!'

கட்டை சிதறியது. ஹார்லன் சிதறவில்லை. உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு விழித்தார்.

"முதல் தோட்டாவுல குண்டே கிடையாது" என்றாள் நோரீன். "மருந்தையும் குண்டையும் ஜீப்ல வெச்சு நான்தான் எடுத்தேன். அது இருக்கட்டும்... டெல்மர் எங்கே?"

ஓரமாக நின்ற தன் லாரியின் பின்னால் இருந்தான் டெல்மர். காதைப் பொத்திக்கொண்டு, சக்கரத்தை ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தான்!

"அந்தப் புஸ் சத்தம் கேட்டா, துப்பாக்கி தெரிஞ்சவன் எவனும் 'நிறுத்து'ன்னு கத்துவான். நீ சத்தம் போடாம போய்ப் படுத்துக்கிட்டே. இவரும் போயிட்டா உனக்கு நிம்மதி... இல்ல?"

"நீங்களும்தான் கத்தல!"

"அது காலின்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதே!"

டெல்மர் எழுந்து நழுவப் பார்த்தான். நோரீன் வழிமறித்தாள்.

"மருந்து இல்லாத தோட்டாவுல வாய் உள்ளே குழிஞ்சுடும். வெர்ன் தொட்டிருக்கவே மாட்டான். அதனால அவன் பையில இருந்த ஒண்ணைப் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டு, அந்த இடத்துல சோளமாவை அடைச்சிருக்கே. வெற்றுத் தோட்டாவுக்குள்ள இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. மறதிக்காரன் மாவு போட மாட்டான் டெல்மர்!"

"மாவா...?" ஹார்லன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். "எதுக்குடா? அவன் உன்னை என்ன பண்ணான்?"

டெல்மர் உடைந்தான். "பாலத்துல ஒரு பொண்ணு மேல வண்டியை ஏத்திட்டு நிக்காம வந்தது நான்தான். வெர்ன் பக்கத்துல உக்காந்திருந்தான். சீசன் முடிஞ்சதும் ஷெரிஃப்கிட்ட சொல்லிடுவேன்னு சொன்னான்... எவ்வளவோ கெஞ்சினேன்!"

ஹார்லனின் பிடி தளர்ந்தது. தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் மறக்கலடா வெர்ன்... நான் மறக்கல!" வாய்விட்டு அழுதார்.

நோரீன் விலங்கை மாட்டினாள். டெல்மர் கேட்டான். "ஜெ... ஜெயில்ல என்னை என்ன பண்ணுவாங்க?"

"காலையில சோளமாவுக் கஞ்சி ஊத்துவாங்க. உன் கைவரிசையைக் காட்டாம, ஒழுங்கா வாயில போட்டுக்கோ!"