வாசல் வைக்காத அறை

யாருமே இல்லாத அறைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறை என்றால் செங்கல் அறை இல்லை. சர்வர்களின் நெட்வொர்க்கைக் கவனிப்பது அவள் வேலை. சோதனைக்காகக் கம்ப்யூட்டரின் மையமான கெர்னலுக்குள் தனித்தனி அறைகள் தடுப்பாள், நேம்ஸ்பேஸ் என்பார்கள். உள்ளே இருப்பதற்கு வெளியுலகம் தெரியாது. எதையாவது உள்ளே நகர்த்திவிட்டால், வெளியே உள்ள மெஷின்களின் பட்டியலில் அது இருந்த சுவடே இருக்காது. இன்று மதியம் தடுத்த அறையில் அவள் இன்னும் எதையும் வைக்கவில்லை. ஆனாலும் திரையில் ஒரே கேள்வி வரிவரியாக வந்துகொண்டிருந்தது: இந்த முகவரியில் இருப்பது யார்? எனக்குச் சொல்.

மெஷின்கள் இப்படிக் கேட்டுக்கொள்வது சகஜம்தான். கேட்க ஒரு மெஷினாவது இருக்க வேண்டாமா?

வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது; கொடியில் காயாத துணிகளின் ஈரவாடையும், மின்விசிறியின் கிரீச்சும், அடுத்த அறையில் தூங்கும் குழந்தையின் மூச்சும் ஒன்றாகக் கலந்து அவளைச் சுற்றி நின்றன. தொட்டிலுக்கு மேலிருந்த கேமரா அந்த மூச்சை அவள் திரையின் மூலைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. கணவன் ஊரில் இல்லை. அவளுக்கு அந்த மூச்சுதான் துணை.

மேலதிகாரியைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு வைக்கும் மனிதர். ஆபீஸில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர்.

"சார், காலி ரூம்லேர்ந்து டேட்டா பாக்கெட் வருது. யாரோ கேள்வி கேக்கறாங்க."

"பேயா இருக்கும்மா," என்று சிரித்தார். "ரூமுக்குள்ள ஃபார்வர்டிங்கை ஒன்னுன்னு மாத்து. எங்க போகப் பாக்குதுன்னு தெரிஞ்சிடும். உள்ள மட்டும்தான், சரியா? வெளிய போட்டுத் தொலைச்சிடாத."

பூஜ்யம் என்றால் வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். ஒன்று என்றால் இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் தள்ளிவிடும். அவள் முன்னால் இரண்டு கறுப்பு விண்டோக்கள், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல. குழந்தை சிணுங்கியது. அவள் கேமராப் படத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

வெளியே தட்டிவிட்டாள்.

கேள்வி நின்றது. பிறகு வேறு முகவரியைக் கேட்டது. ஹாலில் டிவி தானாக எரிந்து அணைந்தது. அடுத்த முகவரி. மேஜையில் அவளுடைய டேப்லெட் அதிர்ந்தது. அடுத்தது கேமரா.

அதோடு கேள்வி வரவில்லை. பதில் கிடைத்துவிட்டது போலும்.

பூஜ்யம் போட்டாள். மூலையில் படம் போய்விட்டது. பட்டியலில் கேமராவே இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

ஓடினாள்.

தொட்டில் காலி. துணியில் இன்னும் சூடு இருந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. ஜன்னல் தாழ் போட்டபடி. வாசல் தாழ் போட்டபடி.

"பாப்பா! பாப்பா!"

மழைச் சத்தம் மட்டும்.

திரும்பி வந்தாள். உள்ளே என்ற விண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு படம் திறந்திருந்தது. சுவர் இல்லாத இருட்டு. நடுவில் அவள் குழந்தை. உட்கார்ந்து, மேலே பார்த்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று போட்டாள். மறுபடியும் ஒன்று. ஒன்று. ஒன்று. எதுவும் வெளியே வரவில்லை.

"என்னம்மா, வெளிய போட்டுட்டியா?" போனில் பூட்டுக்காரர். "பதறாத. நான் உன் மெஷினுக்குள்ள வந்துட்டேன். அந்த ரூமையே அழிச்சிடறேன். உள்ள என்ன கெடந்தாலும் அதோட போயிடும்."

"சார் வேண்டாம்! பாப்பா உள்ள இருக்கா! சார்!"

"ஹலோ? உன் குரலே வரலையேம்மா. பாப்பா சிரிக்கறதுதான் கேக்குது."

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கை மின்சார ஒயருக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. மெஷின் அணைந்தால் அறையும் கிடையாது.

திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன. அவர் அங்கே தட்டத் தட்ட, இங்கே ஒவ்வொன்றாக. அழி. அறையின் பெயர்.

படத்தில் குழந்தையின் கால்கள் தரையை விட்டு மெல்ல எழும்பின. தூக்கும் கைகள் தெரியவில்லை. குழந்தை சிரித்தது.

கட்டளை எழுதி முடிந்திருந்தது. எண்டர் தட்டுவதுதான் பாக்கி. அதன் ஓரத்தில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.