ம் கொட்டும் சுவர்

ஜீப் அவரை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனாலும் ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனார். ஐப்பசி பிறந்துவிட்டால் நெல்லிவாசல்நாட்டு மலைப் பக்கம் அப்படித்தான். மத்தியானச் சோறு செரிப்பதற்குள் மேகம் இறங்கி வந்து வழியை மூடிவிடும்.

ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு மருந்துப் பை. இவற்றோடு கால்நடை மருந்தகத்தின் குடியிருப்பு வாசலில் நின்றார் கோபால்சாமி. ஐம்பத்து நான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதயக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். மலை வேண்டாமே என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். ஆறு மாசம்தானே, ஓட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு, நடுவே ஒரு சுவர். இடது பக்கம் அவருக்கு. வலது பக்கம் பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி குப்பம்மாவிடம், பக்கத்தில் யாரும் இல்லையா என்று கேட்டார்.

"ஆனந்தன் சார் இருந்தாரு. உங்கள மாதிரி மாட்டுக்கு ஊசி போட வந்தவருதான். ரெண்டு வருசம் ஆச்சு. சம்சாரம் ஊர்லேர்ந்து வர்றாங்கன்னு வூட்டக் கழுவி வெச்சாரு. அன்னிக்கே நெஞ்சப் புடிச்சிகினு போய்ட்டாரு."

"முன்னாடியே நெஞ்சு வலி இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்? அவரு வாயத் தொறக்க மாட்டாரு சார்." அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். "ஆனா உள்ள பேச்சு சத்தம் மட்டும் கேட்டுகினே இருக்கும்."

கோபால்சாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்கிறவன் ரேடியோ வைத்திருப்பான்.

பகல் எப்படியோ போனது. மலைக்காரர்கள் ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். "இன்னா தின்னுச்சு? மறைக்காம சொல்லு, அப்பதான் மருந்து குடுக்க முடியும்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். நாலு மணிக்கு மேல் ஒருவரும் இல்லை. மேகம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து, துணிமணியெல்லாம் ஈரமாகி, போர்வையில் பாசி நாற்றம் அடித்தது. ஜன்னலோரம் நின்றால் மட்டும்தான் செல்போனில் சிக்னல் வரும். அங்கே நின்று வசந்திக்கு ஃபோன் போடுவார். சாப்பிட்டீங்களா என்பாள். சாப்பிட்டேன் என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது.

முதல் மனைவி இறந்து ஆறு வருடம் தனியாக இருந்தவர், போன மாசியில்தான் வசந்தியைக் கட்டிக்கொண்டார். கணியம்பாடிக்காரி. படுத்துக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தவள். கல்யாணமான முதல் வாரமே அவருக்குத் தெரிந்துபோனது, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று. வசந்தியிடம் சொல்லவில்லை. இதய டாக்டரிடமும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எட்டு மாசம் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் காப்பியை நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் காப்பியை வாங்கிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார்.

மலையேறுகிற அன்று ஒடுகத்தூரில் பஸ் மாறும்போது, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக் கடையில் ஆண்மைக்குப் போடுகிற அந்த மாத்திரையை வாங்கினார். சீட்டு எதுவும் இல்லை. ஹார்ட் பிரச்சினை இருக்கா என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, உறையைப் பையின் அடியில் செருகிக்கொண்டு வேகமாக நடந்தார்.

எட்டாம் நாள் சாயங்காலம் தனிமை தாங்காமல் வாய்விட்டே பேசிவிட்டார். கட்டிலில் சாய்ந்தபடி, எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார். "சனிக்கெழம வசந்தி வர்றா."

"ம்" என்றது சுவர்.

எழுந்து போய்க் காதை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் காற்று போகிற சத்தம்கூட இல்லை. பிரமைதான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் மறுநாளும் பேசினார். அதற்கடுத்த நாளும் பேசினார். உடம்பைப் பற்றி, வெட்கத்தைப் பற்றி, பைக்குள் இருக்கிற மாத்திரையைப் பற்றி. இத்தனை காலம் ஒரு மனிதரிடமும் சொல்லாததையெல்லாம் சுவரிடம் சொன்னார். கதை கேட்கிறவன் போல அது நிறுத்தி நிறுத்தி ம் கொட்டியது. பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நாலு மணி எப்போது ஆகும் என்றிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லல" என்றார் கடைசியாக.

"சொல்லாத" என்றது.

சனிக்கிழமை வந்தது. வசந்தியின் பஸ் ஐந்தரைக்கு. நாலரைக்கு அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்தார். வெளியே மேகம் அடர்ந்து வாசலில் நின்ற வேப்பமரம்கூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தரையைத் தேய்த்துக் கழுவுகிற சத்தம். பெட்ஷீட்டை உதறுகிற சத்தம். யாரோ பவுடர் போட்டுக்கொள்கிற வாசனை, பாசி நாற்றத்தைத் தாண்டி மெல்ல வந்தது.

யாரோ மனைவிக்காகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

கோபால்சாமிக்கு நடு நெஞ்சில் இறுக்கிப் பிடித்தது.

தெரிந்த வலிதான். அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல, இடது தோள் வரைக்கும். வேர்த்துக் கொட்டியது. இப்படி வந்தால் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்கச் சொல்லித்தான் டாக்டர் கொடுத்திருந்தார். அந்த டப்பா சமையலறையில் மருந்துப் பைக்குள் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று யோசித்தபடி கட்டிலில் உட்கார்ந்து கையை ஊன்றினார்.

விரலில் டப்பா தட்டுப்பட்டது.

மூடி திறந்திருந்தது. ஒரு மாத்திரை வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

"வை" என்றது சுவர்.

அவர் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, மற்றொரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னலுக்குப் போனார். சுகாதார நிலையத்து நர்ஸ் சிவசங்கரியின் எண் அங்கே ஒட்டியிருந்தது. அவர் மலைக்கு வந்த மறுநாளே தேடி வந்து ஒட்டிவிட்டுப் போனவள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் இதய வார்டில் நாலு வருடம் இருந்தவள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

"சிஸ்டர், நெஞ்சு வலிக்குது. நாக்கு மாத்திர கையில வெச்சிருக்கேன்."

"இருங்க சார், ஒரு நிமிசம். அத வைக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. இன்னிக்கு, நேத்து, வேற மாத்திர ஏதாச்சும் போட்டீங்களா? ஆம்பளைங்க போடுவாங்களே, அந்த மாதிரி. வெக்கப்படாம சொல்லுங்க."

மகள் வயசுப் பெண்ணிடமா என்றிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல சிஸ்டர். வேற ஒண்ணும் போடல."

அவர் குரல். அவருடைய அதே கரகரப்பு.

அவர் வாய் மூடியிருந்தது.

"நல்லது சார். அப்ப ஒண்ணு நாக்குக்கு அடியில வைங்க. நான் ஜீப் புடிச்சு வர்றேன்."

"ம்" என்று காதோரம் கேட்டது. திருப்தியான ம். பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. மணிக்கட்டைக் குளிர்ந்த விரல்கள் பிடித்து, மெதுவாக, அன்பாக, வாயை நோக்கித் தூக்கின.

அவள் ஏன் கேட்டாள்?

அந்த ஒரு கேள்விதான் அவரை நிறுத்தியது. தினமும் மாட்டுக்காரர்களிடம் கேட்கிறவருக்கு அது தெரியும். காரணம் இல்லாமல் யாரும் அதைக் கேட்பதில்லை.

"போட்டேன்" என்றார். சத்தமே வரவில்லை. மூச்சைக் கூட்டி மறுபடி சொன்னார். "சிஸ்டர், போட்டேன். நாலரைக்கு."

"இல்ல" என்றது அவர் குரல்.

"போட்டேம்மா. சம்சாரம் வர்றான்னு போட்டேன்."

"சார், அத வைக்காதீங்க." சிவசங்கரியின் குரல் மாறியிருந்தது. "தூக்கி வெளிய எறிங்க. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் படார்னு எறங்கிடும், எழுப்பவே முடியாது. கதவத் தொறந்துட்டுப் படுத்துக்குங்க. நூத்தியெட்டுக்கும் சொல்லிடறேன், அவங்ககிட்டயும் இதச் சொல்லணும். லைன்லயே இருங்க."

மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் விட்டுவிட்டன.

கதவைத் திறந்து தரையில் படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அதே மாதிரி படுத்திருந்தார்கள். இழுத்து இழுத்து மூச்சு விடுவது அடிச்சுவரில் கேட்டது. இப்போது குரல் அவருடையதாக இல்லை. வேறொரு ஆண், கொஞ்சம் இளையவன், வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே பேசினான்.

"அவ பஸ்ல வந்துகினு இருந்தா. எப்டிச் சொல்லுவேன்?"

மூச்சு இன்னும் மெலிந்தது.

"நீயாச்சும் கூட இருப்பன்னு பாத்தேன்."

கோபால்சாமி கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு வலியைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இருபது நிமிடத்தில் சிவசங்கரி வந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை நாடியைப் பிடித்திருந்தவள், கதவை மூடும்போது தணிந்த குரலில் கேட்டாள். "ஃபோன்ல உங்ககூட இன்னொருத்தர் பேசினாரே, எங்க போய்ட்டாரு?" அவர் பக்கத்து வீட்டைக் காட்டினார். அவள் அந்தப் பூட்டைப் பார்த்தாள்.

பஸ் மலையடிவாரத்திலேயே மழைக்கு நின்றுவிட்டிருந்தது. வசந்தி அங்கிருந்து நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், சுவரைத் தவிர. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கா எட்டு மாசமா சுவத்தப் பாத்துப் படுத்தீங்க? எங்கிட்ட இன்னா கொறையோன்னு நான் தெனம் அழுதுகினு இருந்தேன்."

அவர் கையை நீட்டினார். கொஞ்சம் தாமதித்துத்தான் அவள் பிடித்தாள்.

டாக்டர் திட்டவில்லை. "இத நீங்க என்னைத்தான் கேட்டிருக்கணும். நாக்கு மாத்திரை தேவைப்படற ஆளுக்கு அது ஆகவே ஆகாது. இதயத்தச் சோதிச்சுப் பாத்து, வேற என்ன வழின்னு நாம சேர்ந்து பேசலாம், நிறையப் பேர் பேசறாங்க" என்றார். மலைக்குத் திரும்ப வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தார்.

ஒரு மாசம் கழித்து வேலூரில் அதே ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு. பகல் பதினோரு மணி. வெளிநோயாளிக் கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. டோக்கனை வைத்துக்கொண்டு பெஞ்சில் வசந்தியோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பச்சைத் திரை பாதி விலகியிருந்தது. உள்ளே பெண் டாக்டர் ஒருவர், வேட்டி கட்டிய ஒரு பெரியவரிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெரியவரின் மனைவி பின்னால் நின்றாள்.

"வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா ஐயா? கடையில நீங்களா வாங்கினது?"

பெரியவர் தலையைக் குனிந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா. வேற ஒண்ணும் போடல."

டாக்டர் குனிந்து எழுதினார். பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். தொண்டையைத் தடவிக்கொண்டு, யார் பேசியது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

பவுடர் வாசனை அடித்தது.

கோபால்சாமி எழுந்துபோய்த் திரையை முழுதாக விலக்கினார். வசந்தி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

"மேடம், எழுதாதீங்க" என்றார். "அவரு இன்னும் வாயே தொறக்கலைங்க."